படத்துக்குக் கீழே ஒரு வரி

அந்த மாலைப் பத்திரிகை அலுவலகத்தில் அவளைக் 'கத்தரி அக்கா' என்பார்கள். செய்திகளைத் திருத்திப் பக்கம் கட்டுவது அவள் வேலை. மந்திரி பேச்சானாலும் முதலாளி வீட்டுக் கல்யாணமானாலும் இடமில்லையென்றால் ஒரே வெட்டுதான். அவள் கணவனும் அங்கே நிருபராக இருந்தவன். செய்திக்குப் போகும் வழியில் வண்டி சறுக்கி முழங்கால் போனது. "பகுதிநேரம்தானே, நம்ம ஆள் இல்லை" என்று அலுவலகம் கை கழுவிவிட்டது. அன்று வாயை மூடிக்கொண்டு வந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் தீரவில்லை. தீருமா பின்னே?

ஒருநாள் காலை மில் வாசலில் போலீஸ் தடியடி. பகுதிநேரப் புகைப்படக்காரன் 'ஒட்டடைக்குச்சி', ஆள் அவ்வளவு உயரம், கூட்டத்துக்கு மேலே கேமராவைத் தூக்கிப் படமெடுத்து அனுப்பினான். அடுத்த அடி அவன் மண்டையில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் மனைவி போன் செய்தாள்.

"அக்கா, ஆபரேஷன் பண்ணணுமாம். ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கான்னு கேக்கறாங்க. ஆபீஸ்ல கேட்டா அப்படி யாரும் இங்க இல்லைங்கறாங்க."

கத்தரி அக்கா போனை வைப்பதற்குள் ஆசிரியர் வந்து நின்றார்.

"படம் பிரமாதம். முதல் பக்கத்துல பெருசா போடு. அடிபட்டதுக்கு 'வழிப்போக்கர் காயம்'னு போதும்."

"வழிப்போக்கர் எதுக்கு சார் நமக்குப் படம் அனுப்பினாரு?"

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"முதலாளி உத்தரவும்மா. நம்ம ஆளுன்னு போட்டா செலவு நம்ம தலையில விழும்."

"அடி அவன் தலையில விழுந்துச்சே சார்."

சொல்லிக்கொண்டே படத்துக்குக் கீழே தட்டினாள்: 'படம்: நமது புகைப்படக்காரர். படமெடுக்கையில் தடியடியில் படுகாயமடைந்தார்.'

"இந்த வரி இருந்தா பக்கம் போகும். இல்லன்னா வேற ஆளை வெச்சுக் கட்டிக்குங்க."

அச்சகம் காத்திருந்தது. ஆசிரியர் மற்ற மேசைகளைப் பார்த்தார். ஒவ்வொருவராகக் கணினியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். வேலை போனால் அவள் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. இருந்தாலும் வரியை வெட்டவில்லை.

ஆசிரியர் முதலாளியைக் கூப்பிட்டார். கொஞ்சம் பேசினார், நிறையத் திட்டு வாங்கினார்.

"போட்டுத் தொலை" என்றார் கடைசியில்.

மை காயாத முதல் பிரதியை எடுத்துக்கொண்டு அவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாளைக்கு வேலை இருக்குமா என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கவுண்டரில் பத்திரிகையை விரித்து, படத்துக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இவருக்குத்தான் ஆபரேஷன். எங்க ஆள். ஆபீஸ் நம்பர் இதுலயே இருக்கு, கூப்பிட்டுக் கேளுங்க. இல்லைன்னு இப்ப சொல்லட்டும் பார்ப்போம்."