சீர் முறுக்கைக் கடித்த பல்

என் கணவரின் தம்பி தி. நகரில் பல் டாக்டர். விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஸ்க்ரூ இறக்கி, அதன்மேல் பல் கட்டும் வித்தை ஊருக்குப் புதிதாக வந்திருந்த சமயம். அதைப் படித்துவிட்டு வந்தவருக்கு முதல் பேஷண்ட் நான்தான். எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு யார் வந்தாலும் கூப்பிடுவார். "மன்னி, செத்த சிரிங்கோ!" அடுப்பில் பால் பொங்கினாலும் நான் போய்ச் சிரிக்க வேண்டும். ஜவுளிக்கடை பொம்மைக்காவது ஷட்டரை இறக்கியதும் ஓய்வு உண்டு. எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம்.

இரண்டாம் வருஷம் அந்த இடத்தில் ஈறு வீங்கியது. அழுத்தினால் சீழ் வந்தது. நாக்கால் தள்ளினால் பல் ஆடியது. சொல்லலாமென்று போகும்போதெல்லாம் அவர் யாரிடமாவது என் பல்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

உறவில் ஒரு கல்யாணம். பல் கட்டிக்கொள்ளலாமா, வேண்டாமா என்று ஒரு மாமி தயங்கிக்கொண்டிருந்தாள். என் மாமியார் சீர்த் தட்டிலிருந்து பெரிய முறுக்கு ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார்.

"கடிச்சுக் காட்டு. அவளுக்குப் பயம் தெளியட்டும்."

கடித்தேன். உயிரே போயிற்று. சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அத்தனை பேர் மேலும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் சிரித்தேன்.

மறுநாள் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு அடையாறில் வேறு டாக்டரிடம் போனேன். தட்டிப் பார்த்து எக்ஸ்ரே எடுத்தார். ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பாகக் கோடு.

"எலும்பு விட்டுப்போச்சும்மா. இனிமே பிடிக்காது, எடுத்துடணும். விட்டா பக்கத்துப் பல்லும் போகும்."

"நீங்களே எடுத்துடுங்கோ."

"இந்த ஸ்க்ரூவுக்குன்னு தனிச் சாவி இருக்கு, என்கிட்ட இல்ல. போட்டவர்கிட்டயே போங்க."

பஸ்ஸில் அழுகையாக வந்தது. என் வாய்க்குச் சாவி அவரிடம்தான் இருந்தது. நேரே தி. நகருக்குப் போனேன்.

"ஆடறது. ரொம்ப நாளா."

எக்ஸ்ரேயைப் பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சாவி போட்டு ஸ்க்ரூ மேலிருந்த பல்லைக் கழற்றினார். ஸ்க்ரூ லேசாகத் திருப்பியதுமே வந்துவிட்டது. குழியைச் சுத்தம் செய்து, பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொன்னார். எலும்பு ஆறின பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே வந்தால் அந்த மாமி உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ முறுக்கு கடிச்சதைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்டீம்மா. எங்கே, இன்னொரு தரம் சிரி, பார்ப்போம்."

வாய் நிறையப் பஞ்சு. இதற்கும் தலையாட்டிவிட்டுப் போக வேண்டியதுதானா என்று நின்றேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"பஞ்சை எடுத்துட்டுக் காட்டுங்கோ, மன்னி."

வாயைத் திறந்தேன்.