நடுச்சாலையில் நின்றவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் துரையின் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த தோட்டத்தில் லோரி ஓட்டியவர் என்னைவிட மூத்தவர். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒரு மழை நாளில், கோலாலம்பூருக்குப் போகும் சாலையின் வளைவில், அவருடைய லோரியை நிறுத்த ஒரு மலாய்க் கான்ஸ்டபிள் நடுச்சாலைக்கு வந்து கையை உயர்த்தினார். காக்கி உடுப்பு மழைக்குள் கரைந்து கிடந்தது. அண்ணன் பார்த்து பிரேக்கை மிதிப்பதற்குள் லோரி சறுக்கிப் போய் அவரை அடித்துவிட்டது. அவர் அங்கேயே இறந்துபோனார். அண்ணன்மேல் குற்றமில்லை என்று கோர்ட்டில் விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் கலகலப்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

இனி அப்படி நடக்கக்கூடாது என்று, சில மாதம் கழித்து டிரைவர்களையும் போலீஸ்காரர்களையும் சேர்த்துவைத்துப் பழக்கினார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் ஒரு திடல். சொல்லிக்கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து சார்ஜன்ட். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று, சந்திகளில் வண்டிகளுக்கு வழிகாட்டும் போலீஸ்காரர்கள், கைகளை நீட்டியதுபோலத் தெரிய முதுகில் குறுக்காகக் கட்டும் பிரம்பு இறக்கைகளை, எல்லாப் போலீஸ்காரர்கள் முதுகிலும் கட்டிவிட்டிருந்தார். காலைப் பனியில், கையை உயர்த்தியபடி வரிசையாக நின்ற அந்த இறக்கை மனிதர்களை நோக்கிக் காரை ஓட்டும்போது என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"போலீஸ்காரன் நடுவிலை நிக்கப்படாது, ஓரத்திலை நிக்கோணும். டிரைவர்மார் இடப்பக்கம் ஒதுக்கி, இஞ்சினை நிப்பாட்டி, ரெண்டு கையையும் ஸ்டியரிங்கிலை வையுங்கோ" என்பார் சார்ஜன்ட். யாராவது மறந்து நடுவில் கால்வைத்தால் "தெப்பி! தெப்பி!" என்று மலாயில் கத்துவார். ஓரம், ஓரம்.

திடலில் அண்ணன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். கடைசி நாள், நிஜச் சாலையில் பழகவேண்டும் என்று எங்களைக் கிள்ளான் சாலைக்குக் கூட்டிப்போனார்கள். அந்த வளைவும் வழியில் இருந்தது. போலீஸ்காரர்கள் அதைத் தாண்டி வெகு தூரத்தில் நின்றார்கள். லோரியில் அண்ணனுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

வளைவு வந்ததும் அவர் வேகத்தைக் குறைத்தார். இடப்பக்கம் ஒதுக்கினார், இஞ்சினை அணைத்தார், இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தார்.

"என்னாண்ணே, ஏன் நிக்கிறீங்க?"

"கைய காட்டுறாரு லா. தெரியலையா ஒனக்கு?"

சாலை வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. அண்ணன் சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பேசிப் பார்த்தேன், தோளைத் தொட்டேன். அவர் அசையவில்லை.

லோரி வராததைக் கண்டு சார்ஜன்ட் தேடிக்கொண்டு நடந்து வந்தார். முதுகில் அவரும் இறக்கை கட்டியிருந்தார்.

"ஏன் நிப்பாட்டினீர்? இங்கை ஆரும் இல்லையே."

அண்ணன் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பேரு நிக்கிறீங்க, ஐயா. எறக்கை கட்டுன நீங்க ஒருத்தரு. கட்டாதவரு ஒருத்தரு."

சார்ஜன்ட் சிரிப்பார், அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அண்ணனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார். "அவன் எங்கை நிக்கிறான்?"

"நடு ரோட்டுல. அன்னைக்கு நின்ன அதே எடத்துல."

சார்ஜன்ட் திரும்பி நடுச்சாலைக்குப் போனார். வெறும் காற்றுக்கு முன்னால் விறைப்பாக நின்று, திடலில் புது ஆட்களிடம் பேசிய அதே குரலில், ஆனால் கத்தாமல், "தெப்பி" என்றார். கையால் ஓரத்தைக் காட்டினார். "தெப்பி, தெப்பி." என் பக்கத்துப் புல்லோரம் வரைக்கும் யாரையோ அழைத்து வருவதுபோல மெல்ல நடந்து வந்து நின்றார்.

அண்ணன் நீளமாக மூச்சுவிட்டார். "நவுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, கீழே இறங்கி, முன்னாலிருந்த கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பிவிட்டு ஏறி, லோரியை மெதுவாக நகர்த்தினார்.

புல்லோரம் என் ஜன்னலுக்கு நேராக வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வாரமாக மழை இல்லை. சாலையில் புழுதி பறந்தது. ஆனாலும் ஜன்னல் வழியாக நனைந்த காக்கித் துணியின் வாடை குப்பென்று அடித்தது. அண்ணன் என்னைத் தாண்டி வெளியே பார்த்து, தெரிந்தவருக்கு விடைகொடுப்பதுபோலத் தலையசைத்தார். லோரி வளைவைத் தாண்டியதும் அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே ஓட்டினார்.

அதற்குப் பிறகு பல வருடம் அவர் அதே சாலையில் லோரி ஓட்டினார். வளைவில் வேகத்தைக் குறைப்பார், ஆனால் நிறுத்தியதில்லை. வீட்டில் மறுபடியும் சிரித்துப் பேசுகிறார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

சார்ஜன்டை ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். அன்றைக்கு அவர் கண்ணுக்கும் யாராவது தெரிந்தார்களா என்று கேட்டேன்.

"நான் ஒருத்தரையும் காணேல்லை" என்றார். சாப்பிட்ட கையை இலைமேல் விரித்துப் பார்த்தார். "ஆனால் தம்பி, ஓரத்துக்கு வரேக்கை என்ரை கையை ஆரோ பிடிச்சுக்கொண்டு வந்தவை. நல்லாக் குளிர்ந்த கை."