மிக்ஸியை மட்டும் சொல்ல மாட்டார்கள்

வண்டிக்குள் இன்வெர்ட்டர் பொருத்துகிற தொழிலில் வயரைவிட வாய்தான் அதிகம் சூடாகும். மைசூரில் பழைய டெம்போ டிராவலரை வாங்கி, படுக்கையும் அடுப்பும் வைத்துக் கேரவன் ஆக்குகிறவர்கள் இப்போது தெருவுக்கு ஒருவர். எத்தனை வாட் போடலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். எதையெல்லாம் ஓட்டப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பொய் ஆரம்பிக்கும். பம்ப் செட் கட்டுகிறவர்களே, ஏசி மாட்டுகிறவர்களே, உங்களுக்கு இது புதிதில்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு வண்டியைப் பற்றி. அதில் ஒரு பெரியவரின் மூச்சு என் வயரை நம்பிப் போக இருந்தது. அதை என்னிடம் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

மூணு ரூம் ஓடுது

சந்துரு சார் சரஸ்வதிபுரத்துக்காரர், ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பையனுக்கு மாதேஸ்வரன் மலையில் மொட்டை போட வேண்டும், குடும்பத்தோடு போய்த் தங்க ஒரு கேரவன் என்று வந்தார். லைட் இரண்டு, ஃபேன் ஒன்று, டிவி, போன் சார்ஜர். அவ்வளவுதான் என்றார். மிக்ஸி? கிடையாது. ஃப்ரிட்ஜ்? கிடையாது. கெட்டில்? "சே சே."

மோட்டார் உள்ள சாமான் எதுவும் கிளம்பும்போது இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், இப்போதே உண்மையைச் சொல்லுங்கள், பெரிதாகப் போட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பழனி, எங்க வீட்டுல இருக்கறது சின்ன இன்வெர்ட்டர்தான், மூணு ரூம் ஓடுது. வண்டி என்ன வீட்டை விடப் பெருசா?"

குண்டலுபேட்டையிலிருந்து போன்

கேட்டபடி அறுநூறு வாட்டில் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தேன். ஊட்டிக்கு ஒத்திகைப் பயணம் போனார்கள். குண்டலுபேட்டை தாண்டுவதற்குள் போன் வந்தது. இன்வெர்ட்டர் கத்துகிறதாம், அணைந்து போகிறதாம், நான் டூப்ளிகேட் சாமான் மாட்டிவிட்டேனாம். எதைச் சொருகினீர்கள் என்றேன். ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே பின்னால் மிக்ஸி உறுமி நின்றது. ஓட்டலில் சாப்பிட மாட்டார்களாம், மாவைக் கரைத்து எடுத்துப்போய் வண்டியிலேயே தோசை சுட்டிருக்கிறார்கள். நான் கத்தியதும் அவர் மனைவி போனை வாங்கிக்கொண்டார். "ஏங்க, ஒரு மூடித் தேங்காய்க்குச் சட்னி அரைச்சோம். அதையெல்லாமா உங்ககிட்ட முன்னாடியே சொல்லுவாங்க?"

மஞ்சுவின் கண்டுபிடிப்பு

திரும்பி வந்ததும் என்னிடம் வரவில்லை. வேறொரு கடையில் மலிவாக ஒரு பெரிய இன்வெர்ட்டரை வாங்கி, சின்னதுக்காக நான் இழுத்திருந்த அதே மெல்லிய வயரில் மாட்டிக்கொண்டார்கள். ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தது. போகத்தான் வேண்டும், அதற்குத்தான் வைத்தேன். ஏதோ நாற்றம் வருகிறது என்று டிரைவர் மஞ்சு வண்டியை என்னிடம் ஓட்டி வந்தான். திறந்து பார்த்தேன். ஃப்யூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தான். வயரின் மேலுறை உருகி வழிந்திருந்தது. அதற்கு மேலே பலகை, பலகைக்கு மேலே பஞ்சு மெத்தை, அதில்தான் மொட்டைக்காரப் பையன் தூங்குவானாம். மஞ்சுவின் கன்னத்தில் அறைந்திருப்பேன், அடக்கிக்கொண்டேன். அவன் என்னவோ எனக்கு உதவி செய்ததுபோல நின்றான். "சும்மா சும்மா போயிட்டே இருந்துச்சுண்ணா. ஃப்யூஸுன்னு ஒண்ணு இருந்தாத்தானே போகும்?"

கடைசியாக ஏறிய பெட்டி

வயர், ஃப்யூஸ் எல்லாம் புதிதாகப் போட்டேன். மலைக்குக் கிளம்பும் காலையில் என் கடை வாசலிலிருந்தே வண்டியை எடுத்துக்கொள்ள வந்தார்கள். எல்லோரும் ஏறிய பிறகு, சக்கரம் வைத்த ஒரு பெட்டியை இரண்டு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். ஆக்ஸிஜன் மெஷின். அவர்கள் வந்த காரில் சந்துருவின் அப்பா மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார்.

எஞ்சின் நின்றுவிட்டால், வண்டியில் இருக்கிற ஒற்றை பேட்டரி அந்த மெஷினுக்கு ஒரு சினிமா பார்க்கிற நேரம்கூடத் தாங்காது. மலையில் ராத்திரி தங்கப் போகிறார்கள். மாட்டியிருந்த மலிவு இன்வெர்ட்டர் தருகிற கரடுமுரடான கரண்டும் அதற்கு ஆகாது. சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். முகூர்த்தம் போகிறது என்று சந்துரு கத்தினார். அவர் மனைவி அழுதார். பெரியவரும் என்னைத்தான் திட்டினார், மூச்சு வாங்க வாங்கத் திட்டினார். நானும் விடவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது.

முகூர்த்தம் போனது. நல்ல இன்வெர்ட்டர், பெரிய பேட்டரி இரண்டு, அதையும் நம்பாமல் கூடவே ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று ஏற்பாடு செய்து, அடுத்த நல்ல நாளில் அனுப்பினேன். சாவியைக் கொடுக்கும்போது, மிக்ஸியை மறைத்தது போகட்டும், இதை ஏன் சார் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டார். "அப்பாவோடதை நான் கரண்ட் சாமான்னு நெனைக்கலையே, பழனி. மாத்திரை டப்பா மாதிரி அதுவும் கூட வர்றதுன்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து என்ன சாமான் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, வண்டியில் யார் யார் ஏறுகிறார்கள் என்று கேட்கிறேன், அதற்கும் பொய்தான் சொல்கிறார்கள்.