ரேடியோ வாய் மூடிய கதை

எங்கள் தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவருக்கு ரேடியோ என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. அவ்வளவு பொருத்தமான பெயர் என்றும் சொல்ல முடியாது. ரேடியோவை அணைக்க முடியும்.

பதினோரு வருடமாக நான் அவரிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். கழுத்தில் துணியைச் சுற்றுவதற்குள் பேச்சு தொடங்கிவிடும். பல்வலிக்காரர்கள் எந்தப் பக்கம் படுக்க வேண்டும், பூனைக்கு ஞாபகசக்தி உண்டா, எதிர்க்கடைக்காரர் மத்தியானத்தில் ஏன் ஷட்டரைப் பாதி இறக்கி வைக்கிறார் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை இடது கிருதாவைக் குறைத்துவிட்டு வலது கிருதாவை மறந்தே போனார். கதை நல்ல கட்டத்தில் இருந்ததால் நானும் கவனிக்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், மூன்றரை வயது. கடையில் அவளுக்குப் பெயர் முதலாளி. அம்மா மருந்துக்கடை வேலைக்குப் போனதும் அவள் இங்கே வந்துவிடுவாள். வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் சீப்புகளை ஒரே வரிசையாக அடுக்குவாள். நடுவிலிருந்து யாராவது ஒன்றை எடுத்தால் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். எடுத்தவர் தானாகத் திருப்பி வைத்துவிடுவார். தண்ணீர் வேண்டுமென்றால் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின்மேல் வைப்பாள். பேச்சு மட்டும் வரவில்லை. அம்மா, பா, தா, மின்விசிறிக்கு ஊ. ஆக மொத்தம் நான்கு சொற்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும் திரும்பாததும் அவள் இஷ்டம்.

"ஒரு வீட்டுக்கு இவ்வளவு பேச்சுன்னு ஒரு அளவு இருக்குடா," என்றார் ரேடியோவின் அக்கா ஒருநாள். "அத்தனையும் நீயே பேசித் தீத்துட்ட. புள்ளைக்கு எங்கேருந்து மிஞ்சும்?"

கடையே சிரித்தது. ரேடியோவும் சிரித்தார். அக்கா போன பிறகு என் காதோரம் குனிந்து, "நெஜமாவே அப்படி இருக்குமா சார்?" என்று கேட்டார்.

ரேடியோவின் மனைவி மாத்திரையை எண்ணிக் கொடுப்பதுபோலச் சொற்களையும் எண்ணித்தான் கொடுப்பார். மருந்துக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு அறிவிப்பை அவர்தான் படித்தார். "ஏங்க, மூணு வயசு தாண்டின குழந்தைங்கள பள்ளிக்கூடம் சேக்கறதுக்கு முன்னாடியே பரிசோதிக்கறாங்களாம். தேவைன்னா பயிற்சியும் அவங்களே தராங்க. கல்வி அலுவலகத்துல போய்க் கேளுங்க." அது அவருக்கு ஒரு வாரத்துப் பேச்சு.

ரேடியோ போனார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்த ஒரு அலுவலர் அம்மா நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரிங்க, இத எழுதிக் குடுங்க," என்றார்.

"இவ்வளவு நேரம் சொன்னேனே மேடம்."

"சொன்னதுமேல முத்திரை குத்த முடியாதுங்க. எழுத்துல வந்த தேதியிலேருந்துதான் எங்களுக்குக் கெடு நாள் ஓடும். அப்புறம் நாங்க சாக்குச் சொல்லித் தள்ளிப்போட முடியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு எழுதினார். பதினொரு பக்கம். மகள் பிறந்த அன்று பெய்த மழை, ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியின் டயர் பஞ்சரானது, அவள் முதன்முதலில் சீப்பைக் கையில் எடுத்தது, எந்த மின்விசிறியைப் பார்த்தால் சிரிப்பாள், எதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள் எல்லாம் இருந்தன. அலுவலர் அம்மா ஒரு வரி விடாமல் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார்.

"எல்லாம் இருக்கு சார். டயர் பஞ்சரானதுகூட இருக்கு. உங்களுக்கு என்ன வேணும்ங்கறது மட்டும் இல்ல."

அன்று சாயங்காலம் மனைவி ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதினார். எங்கள் மகளுக்கு மூன்றரை வயது. பேச்சும் பழகுவதும் வயதுக்கேற்றபடி இல்லை என்று கவலைப்படுகிறோம். அவளை முழுமையாக மதிப்பீடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். கீழே தேதி, கையெழுத்து.

மறுநாள் அலுவலர் அம்மா அதில் டொக்கென்று முத்திரை குத்தி, ஒரு நகலையும் கையில் கொடுத்தார். "யார் எழுதினது?"

"என் வீட்டுக்காரம்மா."

"முதல்லயே அவங்கள அனுப்பியிருக்கலாமே," என்றவர், பதினொரு பக்கத்தையும் தூக்கிப் போடாமல் இணைப்பு என்று எழுதிப் பின்னால் சேர்த்துக்கொண்டார்.

அடுத்து, பெற்றோர் சம்மதப் படிவம் வந்தது. ரேடியோ அதைப் பத்திரமாகப் பிளேடு வைக்கிற இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அலுவலர் அம்மா போனில் கூப்பிட்டார். "மௌனம் சம்மதம்ங்கறதெல்லாம் பொண்ணு பாக்கற வீட்ல சார். இங்க கையெழுத்து வேணும்."

முதலில் காது சோதனை. முதலாளி தலையைவிடப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டபோதெல்லாம் டப்பாவுக்குள் ஒரு கட்டையைப் போட்டாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

"காது ரொம்ப நல்லா கேக்குது," என்றார் சோதனை செய்தவர்.

"அப்போ இத்தனை நாளா நான் பேசினது எல்லாமே அவளுக்குக் கேட்டிருக்கு," என்றார் ரேடியோ நெகிழ்ந்துபோய்.

"பாவம்," என்றார் மனைவி.

பிறகுதான் பெரிய நாள். சின்ன அறை, முழங்கால் உயர மேசை, கூடை நிறைய பொம்மை. பேச்சுப் பயிற்சியாளர் ஓர் இளம்பெண். அவர் ரேடியோவுக்கு மூலையில் ஒரு நாற்காலியைக் காட்டினார். "நீங்க இங்கேயே இருக்கலாம் சார். ஒரே ஒரு உதவி, எதுவும் பேச வேணாம்."

"எவ்வளவு நேரம்மா?"

"முக்கால் மணி நேரம்."

ஆபரேஷனுக்குப் போகிறவரைப் பார்ப்பதுபோல மனைவி கணவரைப் பார்த்தார்.

பயிற்சியாளர் ஒரு படத்தைக் காட்டினார். "இது என்ன?"

"நாய்," என்றார் ரேடியோ.

"உங்கள கேக்கல சார்."

அடுத்து, "பந்து எங்க இருக்கு?" ரேடியோ பேசவில்லை. மோவாயால் மட்டும் மேசைக்கு அடியில் காட்டினார். மூன்றாவது கேள்விக்குக் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். ஆறாவது கேள்விக்குக் கைக்குட்டையோடு சேர்த்துப் பதில் வந்தது. பன்னிரண்டாவது நிமிடம் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் இரண்டு அப்பாக்களும் ஒரு காவலாளியும் இருந்ததால் அவருக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை.

உள்ளே நடந்ததை ரேடியோவின் மனைவி சொல்லித்தான் நான் கேட்டேன். பயிற்சியாளர் சோப்புக் குமிழி ஊதினார். முதலாளி துள்ளினாள். பயிற்சியாளர் புட்டியை இறுக மூடி மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். முதலாளி புட்டியைப் பார்த்தாள், திருகினாள், வரவில்லை. பயிற்சியாளர் அப்போதும் சும்மாதான் இருந்தார். ரொம்ப நேரத்துக்கு அப்புறம் முதலாளி புட்டியை அவர் கையில் வைத்து, நிமிர்ந்து கண்ணைப் பார்த்து, "தா," என்றாள்.

"எங்க வீட்ல யாருமே அப்படிக் காத்திருந்ததில்ல," என்றார் அந்த அம்மா. "அவர் பேசிடுவார். நான் எடுத்துக் குடுத்துடுவேன்."

மூன்று வாரம் கழித்து ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவைச் சொன்னார்கள். சொன்னது அவளுக்குப் புரிகிறது, பேசிச் சொல்வதும் மற்ற பிள்ளைகளோடு விளையாடுவதும் பின்தங்கியிருக்கிறது. ஆகவே வாரம் மூன்று காலை சிறப்பு ஆசிரியரோடு சின்ன வகுப்பு, இரண்டு முறை பேச்சுப் பயிற்சி. எல்லாவற்றையும் எழுதி, என்னென்ன எதிர்பார்க்கலாம் என்றும் எழுதி நீட்டினார்கள். "புரியலன்னா கேளுங்க. ஒத்துக்கலன்னாலும் சொல்லுங்க," என்றார் பயிற்சியாளர். "உங்க பதினொரு பக்கந்தான் எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு சார். எதப் பாத்தா சிரிக்கறா, எப்ப கையப் பிடிச்சு இழுக்கறான்னு இவ்வளவு நுணுக்கமா யாரும் எழுதினதில்ல."

ரேடியோ மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "நான் ரொம்பப் பேசறதாலதான் பாப்பாவுக்கு இப்படி ஆச்சாம்மா?"

"இல்ல சார். உங்க பேச்சு இதுக்குக் காரணமே இல்ல. தாராளமா பேசுங்க. ஆனா அவகிட்ட ஒண்ணு கேட்டீங்கன்னா, மனசுக்குள்ள பத்து எண்ணிட்டு அப்புறம் வாயத் திறங்க."



பத்து எண்ணுவது நமக்கு எளிது. அவருக்கு அது மலையைப் புரட்டுகிற வேலை. வீட்டில் செய்வதற்கு முன் கடையில் பழகிப் பார்த்தார். முதலில் மாட்டிக்கொண்டவன் நான்.

"பிடரியில இன்னும் குறைக்கட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றார். கண்ணாடியில் உதடு மட்டும் அசைந்தது. நான் சட்டென்று திரும்பினேன். "என்னாச்சுங்க, தலை சுத்துதா?"

"ஏழு வரைக்கும் வந்துட்டேன். கெடுத்துட்டீங்களே சார்."

அந்த அமைதி ஆட்களை என்னவோ செய்தது. தபால்காரர் ஆறு வருடமாக இந்தக் கடை வெட்டு தனக்குப் பிடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். எதிர்க்கடைக்காரர், யாரும் கேட்காமலே, ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குவதாகச் சொன்னார். ஒரு பெரியவர் முடி வெட்டி முடித்த பிறகும் எழுந்திருக்காமல் தன் மாமியாரைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். ரேடியோ மிரண்டுபோனார். "இவ்வளவும் உள்ள வச்சுக்கிட்டா இருந்தீங்க எல்லாரும்?"

இரண்டு மாதம் முதலாளியிடம் ஒன்றும் மாறவில்லை. வகுப்பிலிருந்து படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்து அவற்றையும் வரிசையாக அடுக்கினாள். ஒரு மத்தியானம் என் முடி பாதி வெட்டியபடி இருக்க, ரேடியோ ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவளிடம், "வேணுமா?" என்று கேட்டார். எண்ண ஆரம்பித்தார். நானும் கூடவே எண்ணினேன். ஒன்பது.

"வேணாம்."

கத்திரி நின்றது. ரேடியோ பிஸ்கட்டை எடுத்தார். "வேணுமா?"

"வேணாம்."

பவுடர் டப்பா வேணாம். நாற்காலி வேணாம். நான் வேணாம். கடைசியில் மண்டியிட்டு, "அப்பா வேணுமா?" என்றார். முழுசாகப் பத்து.

"வேணாம்," என்றாள் முதலாளி, தெள்ளத் தெளிவாக.

ரேடியோ கண்ணீரோடு தெருவுக்கு ஓடினார். "எம் பொண்ணு என்ன வேணாம்னு சொல்லிட்டா. வாயத் தொறந்து சொல்லிட்டா." சைக்கிளில் போன ஒருவர் இறங்கி அவர் தோளில் கை வைத்தார். "இந்தக் காலத்துப் புள்ளைங்க அப்படித்தாங்க. மனசத் தேத்திக்குங்க. ஒரு பேரனோ பேத்தியோ பொறந்தா எல்லாம் சரியாயிடும்."

இப்போது அவளுக்கு ஐந்து நடக்கிறது. சொற்கள் இருநூறைத் தாண்டிவிட்டன. சிலவற்றை அவள் இஷ்டப்படி கோப்பாள், கேட்கிறவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி தொடர்கிறது. போன வாரம் பள்ளி வேனில் ஏறி உட்கார்ந்ததும், "போலாம்," என்றாள். டிரைவர் எடுத்துவிட்டார். ரேடியோ அவளுடைய பையும் ஒற்றைச் செருப்புமாக இரண்டு தெரு துரத்தி வேனைப் பிடித்தார்.

"என்னப்பா, நான் வர்றதுக்குள்ள எடுத்துட்ட?"

"நான் என்னங்க பண்றது?" என்றார் டிரைவர். "பாப்பா போலாம்னு சொல்லிடுச்சு."

ரேடியோவுக்கு மூச்சு வாங்கியது. பையையும் செருப்பையும் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, "சரி, போங்க," என்றார்.