கிட்டி என்றதும் அழித்த படம்

எனக்குக் கேமரா வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. மனைவியின் தம்பி வளைகுடாவில் இருக்கிறான். ஒரு லீவில் வந்தபோது புதிதாக ஒன்று வாங்கியிருந்தான். பழையதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. விசேஷ வீடுகளில் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், பந்தி போடும்வரை செருப்புகள் கிடக்கும் இடத்திலேயே நிற்கிறவன் நான். கேமரா வந்த பிறகு எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள். படம் எடுக்கிறவனைப் படத்தில் வந்து நில் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

தொல்லை படத்தின் அளவில் தொடங்கியது. பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவு உண்டு. பெரிதில் வைத்தால் இன்னும் நானூற்றுச் சொச்சம் படம் எடுக்கலாம் என்று திரையின் மூலையில் காட்டும். சிறிதில் வைத்தால் அதே கார்டில் நாலாயிரத்துக்கு மேல். நான் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் சரக்கு அனுப்பும் வேலையில் இருபது வருஷமாக இருக்கிறேன். நாலாயிரம் கொள்ளுகிற சாக்கில் நானூறைப் போட்டுக் கட்ட எனக்குக் கை வராது. சிறிதில் வைத்து ஒரு வருஷம் முழுக்க எடுத்தேன்.

பிறகு மகள் பரிசு வாங்கிய படத்தைப் பெரிதாக்க ஸ்டூடியோவில் கொடுத்தபோது, இது தபால் அட்டை அளவுக்கு மேல் தாங்காது, முகம் கட்டம் கட்டமாக உடையும் என்று கடைக்காரர் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். அது தப்பாகிவிட்டது. மச்சினன் போனில் கூப்பிட்டு, யாராவது சிறிதில் வைப்பார்களா என்று திட்டினான். கடையில் பில் போடுகிறவர் நடுத்தரமே போதும் என்றார். மகள், இந்தக் காலத்தில் கேமரா எதற்கு, போன் போதாதா என்றாள். மூன்று பேரும் என்மேல்தான் கோபப்பட்டார்கள். நான் பெரிதில் வைத்தேன்.

வைத்ததும் கார்டு அடிக்கடி நிறைந்து நின்றது. இன்னொரு கார்டு வாங்கு என்று மனைவி சொன்னாள். எனக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. கார்டைப் போனில் மாட்டி, யாருடைய படமோ அவர்களுக்கே அனுப்பிவிட்டு, கார்டில் அழித்துவிடுவேன். எங்கள் கடையில் அப்படித்தான். மலையடிவாரத்து வித்துராக் கடைகளுக்கு லோடு போனால் அதன் சீட்டைக் குத்தூசியில் குத்தி வைப்போம். அங்கிருந்து மலையாளத்தில் “கிட்டி” என்று போன் வந்தால் சரக்கு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். உடனே சீட்டைக் கிழித்துப் போட வேண்டும். கிழிக்காமல் விட்டால் அதே லோடு இரண்டாவது தடவை போய்விடும். ஒரு தடவை போயும் இருக்கிறது. அன்று வாங்கிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

என் அக்கா போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவள். வேலையிலிருந்து நின்று, வித்துராவில் மகள் கட்டும் புது வீட்டுக்குப் போகவிருந்தாள். போகும் முன் தன்னோடு கொழுந்து கிள்ளிய பத்துப் பெண்களையும் அவர்கள் குடியிருக்கும் லயத்தின் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுக்கச் சொன்னாள். அவர்களில் பாதிப் பேர் மலையை விட்டு இறங்கப் போகிறவர்கள்தான். ஒருத்தி தென்காசிப் பக்கம், இன்னொருத்தி மகனோடு கோயம்புத்தூருக்கு. இனி எல்லோரும் ஒன்றாக நிற்கப் போவதில்லை என்று அக்காவுக்குத் தெரியும். புது வீட்டின் கூடத்தில் ஒரு சுவரை அந்தப் படத்துக்கென்றே ஒன்றும் மாட்டாமல் விடச் சொல்லியிருந்தாள். பெரிதில் வைத்து எடுத்தேன். மூடுபனி விலகி நல்ல வெளிச்சம். ஒருத்தியின் மூக்குத்திகூடத் தெளிவாகத் தெரிந்தது.

அன்றைக்கே அக்கா மகளின் போனுக்கு அனுப்பினேன். “கிட்டி மாமா” என்று பதில் வந்தது. அழித்தேன்.

புது வீட்டுப் பால்காச்சுக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா மகளிடமிருந்து படத்தை என் போனுக்குத் திரும்ப வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். இரண்டடிக்குப் பெரிதாக்கக் கேட்டேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

“இது போன்ல அயச்சு வந்த படம், சேட்டா. கேமராவுல எடுத்தது எங்க?”

“அழிச்சாச்சு.”

“எதுக்கு?”

“அவங்களுக்குக் கிட்டிருச்சே.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. பாவம் என்பதுபோலப் பார்த்தார். போன் வழி அனுப்பும்போது படம் சுருங்கிவிடும், சுருங்காமல் அனுப்ப வேறு வழி இருக்கிறது என்று விளக்கினார். நான் ஏற்றிய மூட்டை வழியில் ஒரு பிடியாகச் சுருங்கி இறங்கியிருக்கிறது. இறக்கியவர்களும் அதையே மூட்டை என்று நினைத்துக் கிட்டி என்றிருக்கிறார்கள். படத்தின் அளவைச் சொல்லி மூன்று மாதம் என் உயிரை எடுத்த யாரும் இதை மட்டும் சொல்லவில்லை.

அழித்த படத்தைக் கார்டிலிருந்து மீட்க முடியுமா என்று கேட்டேன். அதன்பிறகு வேறு படம் எடுக்காமல் இருந்திருந்தால் முடியலாம் என்றார். எடுத்திருந்தேன். ஓணத்துக்குக் கடை வாசலில் போட்ட பூக்களத்தை நாலு பக்கமும் நின்று, ஸ்டூல்மேல் ஏறி நின்று, எடுத்துத் தள்ளியிருந்தேன். கார்டு நிறையப் பூ.

முடிவில் தபால் அட்டை அளவில்தான் போட முடிந்தது. வெறும் கையோடு போக மனமில்லாமல் ஒரு பெரிய சட்டம் வாங்கி, சுற்றிலும் வெள்ளை விட்டு, நடுவில் ஒட்டி எடுத்துப் போனேன். பால் பொங்கி முடிந்ததும் அக்கா பிரித்துப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கழற்றிவிட்டும் பார்த்தாள்.

“என்னலே, இவ்வளவு பெரிய சட்டத்துக்குள்ள எங்களை எங்க ஒளிச்சு வச்சிருக்க?”

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாக்கு, சீட்டு, சுருங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. விரலால் ஒவ்வொருத்தியாகத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தவள், பின்வரிசையில் மூன்றாவது ஆளிடம் நின்றுவிட்டாள். அது யார் என்று அவளுக்கே பிடிபடவில்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

“ஒவ்வொருத்தியா போய் எடுத்துட்டு வா. மூஞ்சி தெரியணும். இந்தச் சட்டத்துல அத்தனை பேரையும் ஒட்டுவேன்.”

முன்பின் பழகாத பத்து வீடுகள். கதவைத் தட்டி, நான் இன்னாருடைய தம்பி, உங்களைப் படம் எடுக்க வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒளிந்துகொள்ளத்தான் நான் கேமராவைத் தூக்கினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அது என்னை ஊர் ஊராகக் கதவு தட்ட வைக்கிறது. ஒரு வீட்டில் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்ய வந்தவன் என்று நினைத்து நேரே அடுக்களைக்குக் கூட்டிப்போனார்கள். மறுத்துச் சொல்ல வாய் வருவதற்குள் அடுப்பின் முன்னால் நின்றிருந்தேன்.

இதுவரை ஆறு பேர் ஆகியிருக்கிறது. எல்லாம் பெரிதில் வைத்து எடுத்தவை. கார்டு நிறைந்தால் இன்னொன்று வாங்குகிறேன். நிறைந்ததைப் பெயர் எழுதிய காகிதத்தில் மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறேன். போன வாரம் ஸ்டூடியோக்காரர் சொல்லிக்கொடுத்தபடி சுருங்காமல் அனுப்பினேன். “கிட்டி மாமா, இனி கார்டைக் காலி பண்ணலாம்” என்று அக்கா மகள் எழுதினாள். கை தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போனது. கேமராவை அணைத்து மேஜைமேல் வைத்தேன்.

தென்காசிப் பக்கம் இருப்பவர்தான், அக்காவுக்குப் பிடிபடாத அந்தப் பின்வரிசை ஆள் என்று நினைக்கிறேன். போனில் பேசியபோது, நல்ல சேலை கட்டாமல் நிற்க மாட்டேன், ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டு வா என்றார். சொல்லியிருக்கிறேன்.