மீன் கடையில் ஒரு தமிழ் வகுப்பு

ஆன்லைன் டியூஷன் கம்பெனிக்காரர்களே, அந்த டீச்சருக்குத் தமிழ் சொல்லித்தரத் தெரியாது என்று நீங்கள் சொன்னது பொய்.

மாமல்லபுரம் மீன் கடையில்தான் அவரைப் பார்த்தேன். கசங்கின சுடிதார், வியர்த்த முகம், கையில் போன். போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண். படாளம் கிராமத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். மாமியாரோடு பேசுவதற்காகத் தமிழ் படிக்கிறாளாம். "இன்னிக்கு இதான் பாடம்" என்று டீச்சர் ஸ்பீக்கரைப் போட்டு, மீன்காரம்மாவிடம் போனை நீட்டினார்.

"இன்னாக்கா, வெல ஜாஸ்தியா கீது?" என்றது போன்.

"ஆங், நீ வந்து வலைய இழு, சும்மாவே தரேன்!"

போன் விடவில்லை: "வரேன்க்கா, சோறு போடுவியா?"

கடையே சிரித்தது. டீச்சர் குதித்தே விட்டார்.

நேற்று டீச்சரை பஸ்ஸில் பார்த்தேன். வகுப்பில் பின்னால் இரைச்சல், சொல்லித்தரும் பேச்சு கொச்சை என்று நீங்கள் அவரை நீக்கிவிட்டதாகச் சொன்னார். அவர் வீடு ஓடுவதே அந்தச் சம்பளத்தில்தான். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படாளத்து மாமியாரிடம் பேச வேறு எந்தத் தமிழை அந்தப் பெண்ணுக்குச் சொல்லித்தரப் போகிறீர்கள்? உங்கள் இணையப் பக்கத்திலேயே, எல்லோரும் படிக்கிற மாதிரி பதில் போடுங்கள்.