நிறுத்தி வைத்த விளையாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிற ஆள் கிடையாது. கெட்டுப்போன சாமான் எதனால் கெட்டது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. டிவி தானாக அணைகிறது, வீட்டில் ஏதோ காத்து சேட்டை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு, உள்ளே கருகிக் கிடக்கும் பல்லியை இடுக்கியால் எடுத்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன். இப்போது நான் சொல்லப்போவதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவனுக்கும் ஒரு பல்லியைத் தேடியிருப்பேன். நீங்களும் தேடிப் பாருங்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

உத்திரமேரூர் பஜார் தெருவில் எனக்கு ஒரு சர்வீஸ் கடை. மிக்ஸி, டிவி, செல்போன் எல்லாம் பார்ப்பேன். ஆனால் மனசு ஒட்டிய வேலை வேறு. பழைய வீடியோ கேம் பெட்டிகள் இருக்கின்றன இல்லையா, பெரிய டிவியில் மாட்டி ஆடினோமே, அவற்றை இன்றைக்கும் சேர்த்து வைக்கிற பைத்தியங்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளுக்குப் பின்பக்கம் சொருகுகிற சீட் கார்ட்ரிட்ஜ் என்று ஒன்று உண்டு, ஆட்டத்தில் ஏமாற்றுவதற்கான சின்னக் கட்டை. அதைச் சொருகினால் ஆட்டத்தில் உயிர் தீராது, நேரம் தீராது. அதில் இருக்கும் பழைய புரோகிராமை அழித்துவிட்டு அடுத்த வெர்ஷனை ஏற்றினால் இன்னும் நிறைய ஆட்டங்களில் வேலை செய்யும். அப்படி ஏற்றித் தருகிறவன் என்று கோயம்புத்தூர் வரைக்கும் என் பெயர் தெரியும். என் வீட்டில்தான் தெரியாது. "கெய்வன் ஆவப்போற வயசுல கேமு நோண்டிக்கினு கீறான்" என்பது என் அண்ணன் தேவராஜ் எனக்குக் கொடுத்த சர்டிபிகேட்.

அண்ணன் தாம்பரம் பக்கம் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. எங்களுக்குத் திருப்புலிவனத்தில் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அதைப் பிளாட் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று அவன் வந்து நின்றான், எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வாசலில் வைத்து அவன் பேசிய பேச்சை நான் திருப்பிச் சொல்ல விரும்பவில்லை. அன்றைக்கு விழுந்தவர்தான் நைனா. வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. அண்ணன் தாம்பரத்துக்குப் போய்விட்டான். மலம் அள்ளியது, துணி அலசியது, புண்ணுக்கு மருந்து போட்டது எல்லாம் என் பெண்சாதி வசந்தா.

நைனாவைத் தனியாக விட முடியாமல் நான் கடை மேஜையை வீட்டுக்கே கொண்டுவந்து, அவர் படுத்திருந்த அறைக்கு வெளியே போட்டுக்கொண்டேன். நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். அவர் மூச்சு எனக்குக் கேட்கும்.

கடைசியில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னேன். அண்ணனும் அண்ணியும் காரில் வந்து இறங்கினார்கள். அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தான். கிட்டே போகவில்லை. "இன்னிக்குத் தாண்டுமா?" என்று என்னிடம் கேட்டான். ரயில் எப்போது வரும் என்று கேட்கிற குரல்.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. மேஜையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருடைய கார்ட்ரிட்ஜ் கிடந்தது. நல்ல மத்தியானம், வெயில் வாசலில் காய்ந்துகொண்டிருந்தது, பேய்க்கதைக்கு உண்டான நேரமே கிடையாது. பழைய கம்ப்யூட்டரில் மாட்டி, புது வெர்ஷனை ஏற்றி, சரியாக இருக்கிறதா என்று பார்க்க கேம் பெட்டியில் சொருகி, மேஜை மேலிருந்த டிவியில் ஒரு கார் ரேஸைப் போட்டேன்.

இதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அந்தப் புது வெர்ஷனில் தேடல் என்று ஒரு வசதி வரும். ஆட்டத்தில் நேரம், வேகம், உயிர் எல்லாமே பெட்டிக்குள் வெறும் எண்கள்தான். கொஞ்சம் ஆடுவதும் நிறுத்தி வைப்பதுமாக, எந்த எண் குறைந்தது, எது அப்படியே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு வடிகட்டினால் கடைசியில் நமக்கு வேண்டியது ஒன்று சிக்கும். அதைப் பூட்டிவிட்டால் அப்புறம் குறையாது. நிறுத்தி வைத்த ஆட்டத்தில் ஒரு எண்ணும் அசையக் கூடாது, எதுவும் ஓடவில்லையே, எப்படி அசையும்? நான் நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வடிகட்டியதில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது அசைந்துகொண்டிருந்தது.

புரோகிராம் சரியாக ஏறவில்லை என்றுதான் நினைத்தேன். அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். திரும்பத் தேடினேன். அதே இடம், அதே எண். கொஞ்சம் இறங்கும், ஒன்றிரண்டு ஏறும், நிற்கும், பிறகு இறங்கும். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு, நம்பினால் நம்புங்கள், கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் புரிந்தது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நைனா மூச்சு இழுத்தால் எண் ஏறுகிறது. அவர் மூச்சு நின்று இடைவெளி விழுந்தால் இறங்குகிறது.

சும்மா ஒரு பொருத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரைச்சீலையை ஒதுக்கினேன். ஒரு கண் டிவியில், ஒரு கண் அவர் நெஞ்சில். வசந்தாவைச் சைகை காட்டிக் கூப்பிட்டேன், எதுவும் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். நைனா பக்கம் திரும்பினாள். மறுபடி டிவியைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

அப்போது நைனாவுக்கு ஒரு பெரிய இடைவெளி விழுந்தது. மூச்சு வரவேயில்லை. எண் மளமளவென்று இறங்கியது. நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். தேடிக் கண்டுபிடித்த எண்ணைப் பூட்டிப் பார்ப்பது எங்கள் வேலையில் கைப்பழக்கம். விரல் பூட்டிவிட்டது. எண் அப்படியே நின்றது. உள்ளே நைனா, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவர் மாதிரி ஒரு மூச்சு இழுத்தார்.

பெட்டியையும் டிவியையும் நான் அணைக்கவில்லை. அதற்கப்புறம் இடைவெளியே விழவில்லை. சீராக, ஒரே மாதிரி, மெஷின் ஓடுகிற மாதிரி மூச்சு. சாயந்திரம் வந்த டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கெட்டிதான்" என்றார். வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அண்ணன் மட்டும் போகவில்லை. இதோ முடிந்துவிடும் என்று லீவு போட்டு வந்தவன், வாசலில் சேரைப் போட்டு உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டே இருந்தான். யாரிடம் என்ன பேசுகிறான் என்று எனக்குக் கேட்காமல் இல்லை. பிளாட் போடுகிறவன் ஒரு நாள் வண்டியிலேயே வந்து, இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கி விசாரித்துவிட்டுப் போனான்.

நாட்கள் போயின. நைனா பிழைக்கவும் இல்லை, போகவும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, முதுகுப் புண் பெரிதாகிக்கொண்டே போனது, உடம்பு உள்ளே உள்ளே வற்றியது, மூச்சு மட்டும் அசராமல் போய்க்கொண்டிருந்தது. அவர் கண் என்னையே பார்த்தபடி இருக்கும். எங்கே போனாலும் பின்னால் வரும்.

ஒரு நாள் அண்ணி யாரோ சொன்னார்கள் என்று, நிலத்து மண்ணை எடுத்து வந்து தம்ளரில் கரைத்தாள். மண் மேல் ஆசை வைத்தவர் உயிர் அப்படிக் கொடுத்தால்தான் பிரியுமாம். அண்ணன் அதை நைனா வாயில் ஊற்றினான்.

"மண்ணாசைதான் உனுக்கு? இந்தா, குட்ச்சிக்க. குட்ச்சிட்டுப் போய்ச் சேரு."

கலங்கல் தண்ணீர் கடைவாயில் வழிந்தது. நைனாவின் கண்ணில் நீர் வந்தது. வசந்தா தம்ளரைத் தட்டிவிட்டாள். "பெத்த அப்பன்தானே உங்களுக்கு?" என்று அவள் கேட்டாள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். நான் டிவியைப் பார்த்தேன். எண் அசையவில்லை.

சமையலறையில் வசந்தா என்னிடம் மெல்லச் சொன்னாள்.

"மாமா பட்ற பாடு என்னால பாக்க முடில. அத்த ஆஃப் பண்ணிடுங்க."

"அதுக்கும் இதுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லன்னா ஆஃப் பண்ண வேண்டிதுதானே?"

"நீ போய்ப் பண்ணு."

அவள் போனாள். மேஜைக்கு முன்னால் நின்றாள். ஸ்விட்ச் கிட்டே கையைக் கொண்டுபோனாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். எங்கள் ஊரில் கரண்ட் நிலைமை உங்களுக்குத் தெரியும். நான் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒன்றையும் நம்பாதவன் செய்கிற வேலையா இது? நம்பவில்லை என்றால் அணைத்திருக்கலாம். நம்பினால் எப்படி அணைப்பது, சொல்லுங்கள்?

முடிந்ததும் ஒரு மத்தியானம்தான். நானும் வசந்தாவும் உள்ளே நைனாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தோம், அவள் தோள் பக்கம், நான் கால் பக்கம். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் குரல்.

"வூட்ல அப்பன் சாவக் கெடக்குறாரு, இவன் ராவும் பகலுமா கேமைப் போட்டு வச்சிக்கினு கீறான். த்தூ!"

"அண்ணா, அத்தத் தொடாத!" என்று கத்தினேன். டொப்பென்று பிளக்கைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. என் கையில் இருந்த நைனாவின் கால் அப்போது கனத்தது. அப்படித்தான் சொல்ல முடிகிறது, கனத்தது. ஒரு மூச்சு நீளமாக வெளியே போனது. அடுத்தது வரவில்லை. வசந்தா என்னைப் பார்த்தாள், பிறகு பெருங்குரலெடுத்து அழுதாள்.

அண்ணன் கொஞ்சம் பொறுத்துத்தான் உள்ளே வந்தான். வந்தவன் மாரில் அடித்துக்கொண்டு, "நைனா, என்ன உட்டுட்டுப் பூட்டியே" என்று கதறினான். எங்கள் எல்லோரையும்விட அவன்தான் சத்தமாக அழுதான். தெருவே அவனைத்தான் தாங்கிப் பிடித்தது. கொள்ளி வைத்ததும் அவன்தான், மூத்த பிள்ளை. அவன் கையால் என்ன செய்தான் என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான் என்று ஒரு பக்கம், சிரிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கம்.

நிலம் பிரிந்தது. அவன் பாகத்தில் இப்போது பிளாட் அளந்து மஞ்சள் கல் நட்டுக் கிடக்கிறது. பேச்சுவார்த்தை நின்றது. அந்தக் கார்ட்ரிட்ஜில் நான் எத்தனையோ தடவை அதே ஆட்டத்தைப் போட்டு, அதே தேடலைச் செய்தேன். பழைய வெர்ஷனுக்கு மாற்றி, திரும்பப் புதியதை ஏற்றியும் பார்த்தேன். நிறுத்தி வைத்த ஆட்டத்தில் ஒரு எண்ணும் அசையவில்லை. சரி, துக்கத்தில் இரண்டு பேரும் ஒன்றையே கற்பனை செய்துகொண்டோம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கிட்டத்தட்ட நம்பியும் விட்டேன்.

வருஷத் தெவசத்துக்கு அண்ணன் வந்தான். ஊர் வாய்க்குப் பயந்து வந்தான் என்று நினைக்கிறேன். சாப்பிட்டு, பின்பக்கம் குழாயில் கை கழுவும்போது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அன்னிக்கு டிவில ஓடிச்சே, அது இன்னா கேமுடா?"

"கார் ரேஸு. இன்னாத்துக்குக் கேக்கற?"

"காரெல்லாம் இல்ல. ஒரு நம்பரு. நான் பிளக்கைப் புடுங்கிட்டேன், ஒயரு என் கைல கீது, டிவி அணையல. நம்பரு எறங்கிக்கினே போச்சு. சைபருக்கு வந்துச்சு. நின்னுச்சுன்னு பாத்தா, நிக்கல. எஃப் எஃப்னு ரெண்டு எய்த்து வந்துச்சு. அங்கிருந்து திரும்ப எறங்க ஆரமிச்சுது."

நான் குழாயை மூடினேன். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிகளில் எண்கள் ஒன்பதோடு முடியாது, அதற்கு மேல் எழுத்துகள் வரும், எஃப் எஃப் என்பதுதான் இருப்பதிலேயே பெரியது. சைபருக்குக் கீழே ஒன்று குறைத்தால் அது கீழே போகாது, சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போய் எஃப் எஃப் ஆகிவிடும், முழுசாக, புதுசாக, அடுத்த ஆளுக்கு எண்ணத் தொடங்குகிற மாதிரி. இந்த வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். கேம் என்றாலே துப்புகிற என் அண்ணனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை.

"அப்பறம் எங்க போய் நின்னுது?" என்று கேட்டேன்.

"தெரில. உள்ள வசந்தா அயுவுற சத்தம் கேட்டுச்சு, வந்துட்டேன்." துண்டில் கையைத் துடைத்தான். "நான் வரும்போது எறங்கிக்கினுதான் இருந்துச்சு."